செம்பனுக்கும் சீனி வருத்தம்

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சீனி வருத்தம் என்று நான் சொன்னபோது சிரிக்காதவர்கள் குறைவு. நானும் முதலில் சிரித்தவள்தான். கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவராவது சீனி வருத்தக்காரர். மாதக் கிளினிக் நாளில் ஒரே பஸ்ஸில் போய், ஒரே வாங்கில் இருந்து, ஒரே நிறக் குளிசைகளை வாங்கிக்கொண்டு வருவோம். அந்த வருத்தம் ஒரு பூனையையும் பிடிக்கும் என்று யார் கண்டது?

2021 நவம்பரில் இருந்து செம்பனுக்கு விடிய ஆறு மணிக்கு ஓர் ஊசி, பின்னேரம் ஆறு மணிக்கு ஓர் ஊசி. ஊசிக்கு முன் காதில் குத்தி ஒரு துளி இரத்தம். இவ்வளவையும் செய்பவள் நான்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தையல் மெசினை நம்பி வாழ்கிற ஒரு பெண். என்னால் முடிந்தால் உங்களாலும் முடியும் என்று எழுதிவிட்டுப் போவது இலகு. ஆனால் நான் விட்ட பிழைகளையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோசனப்படும். வீட்டில் பூனை இல்லாத சகோதரிகளும் வாசியுங்கள். தாய்க்கோ மாமிக்கோ இன்சுலின் போடுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். டொக்டர் போடச் சொல்லியும் பயத்தில் மறுத்துக்கொண்டு இருப்பவர்களும் இருப்பீர்கள். நானும் அப்படி மறுத்தவள்.

முகாமில் இருந்து 2010 இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கிணறும் இரண்டு தென்னையும்தான் மிச்சம். தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். அடுத்த வருட மாரியில், கிணற்றுக் கட்டில் நனைந்தபடி கத்திக்கொண்டிருந்த குட்டி ஒன்றை மகள் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். எங்களுக்கே நிவாரண அரிசி. "கொண்டுபோய் விடு பிள்ளை" என்றேன். அவள் விடவில்லை. 2009 இல் தகப்பனைப் பறிகொடுத்த பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. அன்று இரவு முழுக்க அந்தக் குட்டியோடு கதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு நான் ஏன் வாய் திறக்கிறேன்?

செம்மண் நிறம் என்றபடியால் செம்பன் என்று பெயர். எங்களோடு சோறு தின்று வளர்ந்தான். மீன் தலை பிசைந்த சோறு, பாற்சோறு, எஞ்சிய பிட்டு, பாண் துண்டு என்று கொடுத்ததெல்லாம் தின்பான். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்த பிறகு வெளியே அலைவதும் நின்றது. ஆறரைக் கிலோ நிறைக்கு வந்துவிட்டான். "பூனையோ, ஆட்டுக்குட்டியோ?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. பட்டினி கிடந்த வீட்டில் ஒரு சீவன் கொழுத்திருந்தால் பெருமையாகத்தானே இருக்கும்.

2021 இல் மெலியத் தொடங்கினான். சாப்பாடு குறையவில்லை, முன்னையிலும் கூடக் கேட்டான். கிணற்றடி வாளிக்குள் தலையை விட்டு நக்கியபடியே நிற்பான். ஒருநாளும் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதவன் விறாந்தை மூலையில் சலம் விட்டான். விடியப் பார்த்தால் அந்த இடத்தில் எறும்பு வரிசை. அந்த வரிசையை அம்மாவின் காலத்தில் இருந்தே எனக்குத் தெரியும். ஆனாலும் பூனைக்கு அதை நான் நினைக்கவில்லை. பின்னங்கால் குதி நிலத்தில் படும்படி முயல் மாதிரி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பயம் வந்தது. மதிலில் ஏறப் பாய்ந்து, விழுந்து, வெட்கப்பட்டவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

கடகத்தில் வைத்து, மேலே துணியைக் கட்டி, யாழ்ப்பாண பஸ்ஸில் கொண்டுபோனேன். தனியாக வைத்தியம் பார்க்கும் கால்நடை வைத்தியர் ஒருவர், மகளிலும் கொஞ்சம் மூத்த பிள்ளை. இரத்தச் சீனி 432. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் அவர் வருத்தம் என்று சொல்லவில்லை. "பூனை பயந்தாலே சீனி ஏறிவிடும் அம்மா. பஸ்ஸில வந்த பூனைக்குச் சும்மாவே 300 காட்டும்" என்று சொல்லி, சலத்தையும் எடுத்துப் பார்த்தார். சலத்திலும் சீனி இருந்தது. நல்ல காலம், கீற்றோன் இல்லை. கீற்றோன் இருந்திருந்தால் அன்றே அங்கே விட்டுச் சேலைன் ஏற்ற வேண்டி வந்திருக்கும் என்றார்.

பூனைக்கு வருவது அநேகமாக நமக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு போன்றதுதான். வயது போன, உடம்பு கூடிய, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு அது கூடுதலாக வரும். சதையி சுரக்கும் இன்சுலின் போதாமலும், இருக்கிற இன்சுலினுக்கு உடம்பு மசியாமலும் போகிறது. சீனி இரத்தத்தில் தேங்கி, 250, 300 ஐத் தாண்டியதும் சலத்தோடு வெளியேறும். அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் தாகம். நரம்பு பாதிக்கப்படுவதால்தான் அந்த முயல் நடை. நமக்குக் கால் விறைக்கிறது, எரிகிறது என்கிறோமே, அதன் தம்பி இது.

"இரண்டு நேரமும் இன்சுலின் போட வேணும். வீட்டில நீங்கள்தான் சீனியும் பார்க்க வேணும்" என்றார் டொக்டர். "இங்க பயத்தில காட்டுற கணக்கை நம்பி நான் மருந்தைக் கூட்டினால், வீட்டில அவருக்குச் சீனி விழுந்திடும்."

இன்சுலின் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை நடுங்கியது. அதற்குக் காரணம் பூனை இல்லை.

அம்மாவின் ஊசி

என் அம்மா பதினொரு வருடம் இன்சுலின் போட்டவர். வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன 2008, 2009 இல், பாத்திரம் பண்டத்தை விட்டாலும் அந்தப் போத்தலை விடாமல் கொண்டு திரிந்தோம். ஈர மணல் நிரப்பிய முட்டிக்குள் வைத்து, நிழலில் புதைத்து வைப்போம். ஒரு காலை, வழக்கம்போல ஊசியைப் போட்டுவிட்டேன். கஞ்சி காய்ச்ச முதல் செல் அடி தொடங்கியது. பங்கருக்குள் நான்கு மணித்தியாலம். அம்மாவுக்கு வியர்த்து ஓடியது, கதை குழறியது, என்னை யாரோ என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளைக்கென்று முடிச்சுப் போட்டு வைத்திருந்த சீனியைத் தந்தார். அன்று அம்மா தப்பினார். அதன் பிறகு மருந்து முடிந்தது. காலில் இருந்த சின்னப் புண் பெருத்தது. 2009 பங்குனியில் போய்விட்டார்.

அன்றில் இருந்து அந்தச் சிரிஞ்சைக் கண்டால் எனக்கு இரண்டும் சேர்ந்து வரும். போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. எனக்கு 2016 இல் சீனி வருத்தம் என்று கண்டபோது குளிசை மட்டும் போதும் என்று நேர்ந்துகொண்டவள். செம்பனுக்குப் போடச் சொன்ன நேரம், "டொக்டர், என்னால் ஏலாது" என்றுதான் வாயில் வந்தது. அவர் என் கையில் சிரிஞ்சைத் தந்து, உப்புத் தண்ணீரை இழுத்து, ஒரு தோடம்பழத்தில் குத்தச் சொன்னார். பத்துத் தரம் குத்தினேன். பதினொராம் தரம் செம்பனுக்கு. அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

காதில் ஒரு துளி

ஊசியை விட இரத்தம் எடுப்பதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. முதல் கிழமை பத்து ஸ்ரிப் வீணாகியது. பிறகு பழகிய விதத்தைச் சொல்கிறேன்.

பூனையின் காது விளிம்பை ஒட்டி மெல்லிய நரம்பொன்று ஓடும். அந்த நரம்பிலேயே குத்த வேண்டியதில்லை. அதற்கும் விளிம்புக்கும் இடையில் குத்தினால் போதும். காது குளிர்ந்திருந்தால் துளி வராது. ஆகவே சட்டியில் சூடாக்கிய அரிசியைப் பழைய சொக்சுக்குள் கட்டி, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவன் காதில் அரை நிமிடம் பிடிப்பேன். விளிம்பில் பொட்டுப்போல வசலின் பூசினால் இரத்தம் மயிரில் பரவாமல் முத்தாக நிற்கும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சு. இல்லாவிட்டால் ஊசி மறுபக்கத்தால் வந்து நம் விரலில் ஏறும், எனக்கு ஏறியது. ஸ்பிரிற் பூசிய ஈரத்தோடு எடுத்தால் கணக்கு பிழைக்கும். துளி எடுத்ததும் பஞ்சால் கொஞ்சநேரம் அழுத்திவிட்டு, அவித்த மீனில் ஒரு துண்டு கொடுப்பேன். மூன்றாம் கிழமை, மீற்றர்ப் பெட்டி திறக்கும் சத்தத்துக்கே செம்பன் ஓடிவந்து மடியில் ஏறத் தொடங்கினான். காதுக்காக இல்லை, மீனுக்காக.

நான் பாவிப்பது மனிதருக்கான மீற்றர்தான். அது பூனை இரத்தத்தில் உண்மையிலும் குறைவாகக் காட்டக்கூடும் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார். ஒரே மீற்றரில் பார்த்துக்கொண்டு போனால் ஏற்ற இறக்கம் தெரியும். சுகமான பூனைக்கு 70 முதல் 120 வரை இருக்கும். செம்பனுக்கு அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, நாள் முழுக்க 100 க்கும் 300 க்கும் இடையில் நின்றால் சந்தோஷம் என்றார். ஊசிக்கு முன் 200 க்குக் கீழே காட்டினால் ஊசி போடாமல் தனக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

இரண்டு கிழமைக்கு ஒருநாள், விடிய இருந்து பின்னேரம் வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்ப்பேன். அன்றைக்குத்தான் எனக்கொரு விஷயம் விளங்கியது. காலையில் 340 என்று கண்டு, மருந்து காணாது என்று நினைத்திருந்தேன். மத்தியானம் பார்த்தால் 110. காலைக் கணக்கை மட்டும் பார்த்து நானாக மருந்தைக் கூட்டியிருந்தால் மத்தியானம் அவன் விழுந்திருப்பான். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது நாளின் ஆகக் குறைந்த கணக்குத்தான். மகளின் பழைய கணக்குக் கொப்பியில் கோடடித்து, நேரம், சீனி, சாப்பாடு, மருந்து, குறிப்பு என்று எழுதிவைத்தேன். டொக்டர் அந்தக் கொப்பியை வட்ஸ்அப்பில் படமாகப் பார்த்துத்தான் அளவை மாற்றுவார். மாதாமாதம் கடகத்தோடு பஸ் ஏறத் தேவையில்லாமல் போனதும் அந்தக் கொப்பியால்தான்.

ஊசி இடுப்புப் பக்கமாகத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதற்குள் போடுவது. தொடக்கத்தில் ஓர் அலகு. சில நாள் ஊசி மறுபக்கத்தால் வெளியே வந்து மருந்து மயிரில் போய்விடும். தொட்டால் ஈரம் தெரியும், மருந்து மணக்கும். அப்படி நடந்தால் திருப்பிப் போடவே கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. ஒருநேரம் சீனி கூட இருப்பதால் பூனை சாகாது. இரண்டு மடங்கு மருந்து போனால் செத்தும் போகலாம்.

சிரிஞ்சிலும் கவனம் வேண்டும். மில்லிலீற்றருக்கு 100 அலகு உள்ள இன்சுலினும் உண்டு, 40 அலகு உள்ளதும் உண்டு. மிருகங்களுக்கென்று வருகிற சில இன்சுலின் 40 வகை. 100 வகை மருந்தை 40 வகைச் சிரிஞ்சில் இழுத்தால் ஓர் அலகு என்று நினைத்து இரண்டரை அலகு போட்டுவிடுவோம். பொதுவாக 40 க்குச் சிவப்பு மூடி, 100 க்குச் செம்மஞ்சள் மூடி. ஆனால் நிறத்தை நம்பாமல் எழுத்தை வாசியுங்கள். செம்பனுக்கு எழுதித் தந்தது கிளார்ஜின் என்ற 100 வகை. ஆஸ்பத்திரியில் நமக்குத் தருகிற கலப்பு இன்சுலின் பூனையின் உடம்பில் கெதியில் முடிந்துவிடுமாம். அப்படி முடியாவிட்டாலும், மனிதருக்கென்று இலவசமாகத் தருகிறதைப் பூனைக்கு எடுப்பது முறையில்லை. துண்டைக் காட்டிப் பாமசியில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

நான் விட்ட பிழை

பூனை பிறப்பிலேயே இறைச்சி தின்னும் சீவன். சோறும் பாணும் அதன் உடம்புக்குச் சுமை. சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவித்த மீனும் கோழியும் கூட்டச் சொன்னார் டொக்டர். மாதம் முடிய வெளிநாட்டு ரின் சாப்பாடும் வாங்கக்கூடுமென்றால் நல்லது என்றார். அது என் கைக்கு எட்டாது, எப்போதாவது ஒன்று. ஆனால் "கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து பார்த்துப் பார்த்து" என்று அவர் சொன்னதை நான் காதில் போடவில்லை. சோறுதான் காரணம் என்று தெரிந்த பிறகு அதை ஏன் கொடுப்பான் என்று ஒரேநாளில் நிறுத்திவிட்டேன். ஊசி பழைய அளவிலேயே போனது.

நான்காம் நாள். கல்யாண வீட்டுச் சட்டைகள் ஏழு தைத்துக் கொடுக்க இருந்தன. ஸ்ரிப்பும் பெட்டியில் ஆறுதான் மிச்சம். ஒருநேரம் பார்க்காவிட்டால் என்ன என்று, பார்க்காமலே ஊசியைப் போட்டுவிட்டு மெசினில் குந்திவிட்டேன். பதினொரு மணிபோல மெசினுக்கு அடியில் என் காலில் ஏதோ முட்டியது. செம்பன் குடித்தவன் மாதிரித் தள்ளாடினான். கண்மணி பெரிதாகி, கூப்பிட்டதும் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ஒரு நொடியில் பங்கர் மணந்தது.

காதில் குத்தினேன். 38. தேன் போத்தல் எங்கே என்று கைகள் தேடின. விரலில் தேனைத் தொட்டு முரசில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு வந்திருந்தால் விரலையும் உள்ளே விடக்கூடாது, கடித்துவிடும், உதட்டின் ஓரத்தில்தான் பூச வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் தலையைத் தூக்கினான். மீன் கொடுத்தேன், தின்றான். 62. டொக்டருக்கு எடுத்தேன். "தப்பினான் என்று விட்டிடாதேங்கோ அம்மா, இந்த மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கு. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாருங்கோ. பின்னேர ஊசி வேண்டாம்" என்றார். பெட்டியில் இருந்த ஸ்ரிப் எல்லாம் அன்றே முடிந்தது. மிச்சம் பிடித்த ஒன்றுக்குப் பதில் ஆறு போனது.

அடுத்த நாளில் இருந்து மருந்து பாதியாகக் குறைந்தது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் இருக்கிறது. முதலில் சீனி பார்க்கிறது. பிறகு சாப்பாடு. தின்கிறான் என்று கண்ட பிறகுதான் ஊசி.

மனிசருக்கே இல்லாத நேரத்தில்

"உனக்கு விசரே? மனிசருக்கே மருந்தில்லை, பூனைக்கு இன்சுலினோ?" முன்வீட்டு அக்கா இதை 2022 இல் கேட்டார். மருந்து, எண்ணெய், காஸ், மா எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற வருடம். அக்கா கேட்டது பிழை என்று நான் சொல்லமாட்டேன். நானே இரவில் என்னைக் கேட்ட கேள்வி அது. ஒரு பெட்டி ஸ்ரிப்பின் விலைக்கு எத்தனை சட்டை தைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். மகளிடம் கைநீட்டக்கூடாது என்று காதுத்தோட்டை ஒருமுறை அடைவு வைத்துமிருக்கிறேன். இப்படித்தான் எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முடியாவிட்டால் வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சீவன் வேதனைப்படாமல் இருக்க வேறு வழியும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இன்சுலின் மனிதருக்கு மட்டும் உரிய பொருள் என்று அக்கா சொன்னதற்கு மட்டும் பதில் சொன்னேன். 1921 இல் கனடாவின் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் என்ற இரண்டு பேர் நாய்களில் பரிசோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலில் போட்டார்கள். அதன் பிறகு பல பத்து வருடங்கள் மாட்டின், பன்றியின் சதையியில் இருந்து எடுத்த மருந்தைத்தான் உலகம் முழுக்கப் போட்டார்கள். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரேயோர் அமினோ அமிலம்தான் வித்தியாசமாம். டொக்டர் சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். "நல்லாப் படிச்சிட்டாய்" என்று அக்கா போய்விட்டார்.

அந்த வருடப் பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரன்ட் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரி. நான் பழைய முட்டி வேலையைத் திரும்பத் தொடங்கினேன். பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, இடையில் மணல், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மேலே ஈரச்சாக்கு, காற்றுப்படும் நிழல். மருந்துப் போத்தல் தண்ணீர் படாமல் மூடிய டப்பாவுக்குள். மகள் போனில் ஒரு செய்தி வாசித்துச் சொன்னாள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவின் டகஹாலே அகதி முகாமின் வெக்கையை அளந்து செய்த ஆய்வு, 2021 இல் வெளிவந்ததாம். 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டில் நான்கு கிழமை வைத்த இன்சுலினும் வீரியம் கெடவில்லையாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அம்மாவின் முட்டிதான் நினைவில் வந்தது. அந்த நேரம் அந்த மருந்து பழுதாகிவிட்டதோ, அதனால்தானோ என்று பதின்மூன்று வருடம் உள்ளே அரித்த ஒன்று கொஞ்சம் இறங்கியது. உடைக்காத போத்தலுக்குக் குளிர்ப்பெட்டிதான் இடம், 2 முதல் 8 பாகை. உறையும் தட்டில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். வெயில் படுகிற யன்னலும், பஸ்ஸின் முன்பக்கமும், தேத்தண்ணிப் போத்தல் உள்ள பையும் அதற்கு எதிரி.

ஸ்ரிப் கிடைக்காத இரண்டு மாதம் சலத்தில் வைக்கும் ஸ்ரிப்பால் சமாளித்தேன். நீளக் காம்பு அகப்பையோடு அவன் பின்னால் திரிந்ததைப் பார்த்து ஒழுங்கைப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு! சலத்தில் சீனி இருக்கா இல்லையா என்றுதான் அது காட்டும், சீனி விழுந்ததைக் காட்டாது. அதனால் டொக்டர் அந்த இரண்டு மாதமும் மருந்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தார்.

மிஸ் கேட்ட கேள்வி

2022 செப்டெம்பரில் என் மூன்று மாதச் சராசரிக் கணக்கு 10.8 என்று வந்தது. குளிசை இனிப் போதாது, இன்சுலின் தொடங்குவோம் என்றார் கிளினிக் டொக்டர். மாட்டேன் என்றேன். அடுத்த மாதமும் மாட்டேன் என்றேன். இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம், தொடங்கினால் காலை எடுப்பார்கள், கண் போகும் என்று நாங்கள் வாங்கில் இருந்து கதைக்கிற கதையெல்லாம் சொன்னேன். காலும் கண்ணும் போவது கட்டுப்படாத சீனியால் என்பது எனக்குத் தெரியாததா? செம்பனின் பின்னங்கால் குதி நிலத்தை விட்டு எழும்பியதைக் கண்ணால் கண்டவள் நான்.

அங்கே வேலை செய்யும் தாதி மிஸ் எங்கள் ஒழுங்கைக்காரி. கொப்பியை மூடிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அன்ரி, செம்பனுக்கு ஒருநாளைக்கு எத்தனை ஊசி?"

"இரண்டு."

"அவர் உங்களட்டை மாட்டன் எண்டு சொன்னவரோ?"

வாங்கில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. 2023 தைப்பொங்கல் முடிந்த மறுகிழமை தொடங்கினேன். முதல் ஊசியை மிஸ் போட்டார், இரண்டாவதை வீட்டில் நானே வயிற்றில் போட்டேன். நுளம்புக் கடி அளவுதான். ஆனால் செம்பனின் மருந்தும் என் மருந்தும் மாறக்கூடாதே. அவனுடைய டப்பாவில் சிவப்பு நாடா, என்னுடையதில் நீல நாடா. ஊசிகளும் வேறுவேறு. காதில் குத்தும் ஊசியையும் மீற்றரையும் பொதுவாகப் பாவிப்பதில்லை. பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுக்கிறேன். குப்பைக் கிடங்கில் பிள்ளைகளும் நாய்களும் கால் வைக்கும்.

செம்பன் இப்போது நன்றாகக் கிழவன். சில பூனைகளுக்குச் சாப்பாட்டை மாற்றி, சீனியை இறுக்கிப் பார்த்துக்கொண்டுவர ஊசியே தேவையில்லாமல் போவதுண்டு. செம்பனுக்கும் 2023 இல் ஐந்து மாதம் அப்படி நின்றது. பிறகு சீனி திரும்ப ஏறி, இப்போது அரை அலகு. மதிலில் ஏறமாட்டான், வாங்கில் ஏறுவான். சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருப்பதாக டொக்டர் சொன்னார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் முன்வீட்டு அக்கா பிரிக்காத மீற்றர்ப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். லண்டனில் இருக்கும் மகன் அனுப்பியது, ஒரு வருடமாக அலுமாரியில் இருந்ததாம். "இந்த மனிசன் மத்தியானமானால் வேர்த்து வேர்த்து விழுது. கையும் நடுங்குது. சும்மா பாஞ்சு விழுந்து பேசுது. வெக்கை எண்டுதான் நினைச்சனான். ஒருக்கால் வந்து பார், எனக்கு உந்த விரலில குத்தத் தெரியாது."

போனேன். ஸ்ரிப்பின் திகதியைப் பார்த்தேன், இன்னும் மூன்று மாதம் இருந்தது. அண்ணரின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினேன். 58. சீனிக் குளிசையை விடியப் போட்டுவிட்டு, பத்து மணிக்குத் தேத்தண்ணியும் இல்லாமல் வயலில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். கால் மணித்தியாலம் இருந்து திரும்பப் பார்த்தோம். 94. அதன் பிறகு சோறு.

அக்கா அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தபடி ஒரு பழைய கலண்டர்த் தாளை எடுத்து, "என்ன எழுத வேணும், சொல்லு" என்றார். நேரம், சீனி, எப்போது என்ன சாப்பிட்டார், எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு என்று சொன்னேன். அடுத்த நாள் விடிய அந்தத் தாளோடு இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள்.